ஓட்டத்தில் முதல்வனாக வரும் மாணவனைக் கால்பந்துக்கு அனுப்பலாமா? பாப் ஹேய்ஸின் வாழ்க்கையை அறிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: மேலூர் உடற்கல்வி ஆசிரியர்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மேலூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் பிளஸ் ஒன் படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் நடந்த வருவாய் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரை 11.1 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றான். கண்மாய் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அதன் உள்வாயிலும், தண்ணீர் நிற்கும் மாதங்களில் கரைமேலும் ஓடிப் பழகியவன் அவன். செயற்கைத் தடத்தில் அவன் கால் வைத்ததே மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போட்டிக்கு வந்த அன்றுதான்.

அன்று அங்கிருந்த கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் அவன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, பையனைத் தம்மிடம் ஒப்படைத்தால் இரண்டு ஆண்டுகளில் ஒரு தொழில்முறை அணியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதாகச் சொன்னார். பந்தை உதைக்க யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம், வேகத்தை மட்டும் கற்றுக்கொடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கிய பிறகு கால்பந்துக்குப் போய்ப் பெரும்பேர் எடுத்த பாப் ஹேய்ஸ் என்ற அமெரிக்கரை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

பையனுக்குத் தகப்பனார் இல்லை. தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மறுநாள் அவர் பள்ளிக்கே வந்து, "சார், எதுல போனா இவனுக்கு ஒரு வேலை வெட்டி அமையும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். நான் தடகளம் அறிந்தவன், கால்பந்து அதிகம் அறியாதவன். அந்த அம்மாவுக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். ஆகவே பாப் ஹேய்ஸ் உண்மையில் எப்படி வாழ்ந்தார், வேகம் ஒன்றை மட்டும் வைத்துத்தான் அவர் பந்தாட்டத்தில் வென்றாரா என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: சோழவந்தான் வாசகர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பாப் ஹேய்ஸ் ஆடியது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது, இரு முனையும் கூரிய நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் கையில் ஏந்தி ஓடியும் ஆடப்படுவது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறிக் கொண்டே போய், எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடப்பதுதான் அதன் நோக்கம். ஹேய்ஸின் வேலை, எதிரணிக் காவலரைத் தாண்டி ஓடி, பின்னாலிருந்து எறியப்படும் பந்தை ஓட்டத்திலேயே கையில் வாங்குவது. நேர்கோட்டு வேகத்துக்கு அந்த ஆட்டத்தில் கிடைக்கும் மதிப்பு, காலால் ஆடும் ஆட்டத்தில் அப்படியே கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் 1942 டிசம்பர் 20 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். கறுப்பின மாணவர்களுக்கென்று தனிப் பள்ளிகளும் தனிக் கல்லூரிகளும் இருந்த காலம் அது. ஃபுளோரிடா ஏ அண்ட் எம் என்ற பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது ஃபுட்பால் ஆட்டக்காரர் என்ற முறையில்தான். ஜேக் கெய்தர் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் அணியில் பந்தை ஏந்தி ஓடிக்கொண்டே, மற்ற மாதங்களில் தடத்தில் இறங்கினார். உங்கள் பயிற்சியாளர் நண்பர் கதையைப் பின்னாலிருந்து தொடங்கியிருக்கிறார். ஓட்டக்காரர் ஒருவர் திடீரென்று பந்தாட்டத்துக்குத் தாவினார் என்பது நடந்ததற்குப் பொருந்தாது. பந்தாட்டக்காரராகவே வளர்ந்த ஒருவர் நடுவில் உலகின் மிக வேகமான மனிதராகவும் ஆகிவிட்டார். இதற்கு ஒரு சான்று போதும். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், டல்லாஸ் கௌபாய்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து உரிமை பெற்றது 1963 டிசம்பரில். அவர் டோக்கியோவில் தங்கம் வென்றது அதற்குப் பத்து மாதங்கள் கழித்து, 1964 அக்டோபரில். அதிலும் ஏழாவது சுற்றில், 88-ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள்.

தடத்தில் அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. 1963-இல் 100 கஜத்தை, அதாவது நம் அளவில் 91 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை, 9.1 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். டோக்கியோவில் இறுதிப் போட்டிக்கு முன்பு தம் பையைத் திறந்து பார்த்தபோது ஒரு கால் ஸ்பைக் காலணியைக் காணாமல், சக வீரர் ஒருவரின் காலணியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குக் கிடைத்ததோ உள்பக்கத்து முதல் தடம். அப்போது செயற்கைத் தடம் கிடையாது. சாம்பல் பரப்பிய தடம்தான். 20 கிலோமீட்டர் நடைப்போட்டிக்காரர்கள் அந்த முதல் தடத்தை மிதித்துக் கிளறிவிட்டிருந்தார்கள். அந்தக் கிளறிய தரையில், இரவல் காலணியோடு, 10.0 விநாடியில் உலக சாதனையைச் சமன்செய்து, இரண்டாவதாக வந்த கியூபாவின் ஃபிகரோலாவுக்கும் தமக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு வென்றார். கண்மாய் உள்வாயில் ஓடிப் பழகிய உங்கள் மாணவனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

சில நாட்கள் கழித்து நடந்த 4x100 ரிலேயில் கடைசி ஓட்டக்காரரான அவர் கைக்குத் தடி வந்தபோது அமெரிக்க அணி ஐந்தாவது இடத்தில் இருந்தது. முன்னால் ஓடிய நால்வரையும் கடந்து அவர் கோட்டைத் தொட்டபோது, அணியின் நேரம் புதிய உலக சாதனையாகியிருந்தது. அந்தக் கடைசி 100 மீட்டரைக் ஸ்டாப்வாட்ச்சில் அளந்தவர்கள் 8.5 முதல் 8.9 விநாடி வரை பல கணக்குகளைச் சொல்கிறார்கள். ஓடிக்கொண்டே தடியை வாங்கும் பாய்ச்சல் ஓட்டம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும் அது வியக்க வைக்கும் ஓட்டமே. ஏறத்தாழ 85 கிலோ எடையுள்ள உடல். பாதங்கள் உள்நோக்கித் திரும்பியபடி தோளை உருட்டி ஓடுவார். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பார்த்தால், பாடப்புத்தக ஓட்டம் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

அதோடு தடகளத்தை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. எந்த விளையாட்டிலாவது சம்பளம் வாங்கினால் ஒலிம்பிக் பக்கமே வர முடியாத சட்டம் அன்று இருந்தது. ஓட்டத்தில் வயிறு வளர்க்கவும் வழியில்லை. 1965-இல் டல்லாஸுக்காக ஆடிய முதல் பருவத்திலேயே 46 முறை பந்தை வாங்கி 1003 கஜம் முன்னேறினார். அடுத்த ஆண்டு 1232 கஜம். பத்துப் பருவங்கள் டல்லாஸிலும் கடைசியாக 1975-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆடி, மொத்தம் 371 முறை பந்தை வாங்கி, எல்லைக்கோட்டைக் கடக்கும் டச் டவுன்கள் 71 எடுத்தார். ஒவ்வொரு முறை பந்து கைக்கு வந்தபோதும் சராசரியாக 20 கஜம் முன்னேறியிருக்கிறார் என்பதே அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் எண். 1972 ஜனவரியில் மயாமி அணியை 24-3 என்று வென்று டல்லாஸ் அந்த ஆட்டத்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலில் பட்டம் பெற்றபோது, ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பவுலில் வென்றவர்களுக்குத் தரும் மோதிரமும் வாங்கிய ஒரே மனிதர் என்ற பெயர் அவருக்கு அமைந்தது.

அவரை எதிரணிகள் எப்படிச் சமாளித்தன என்பது கபடி பார்த்து வளர்ந்த நமக்கு எளிதில் விளங்கும். பாடிவருபவன் மின்னலாக இருந்தால், பிடிக்கிறவர்கள் ஆளுக்கு ஆள் துரத்த மாட்டார்கள்; அவரவர் இடத்தை விட்டு நகராமல் சங்கிலி கோத்து, அவன் வந்து சேரும் இடத்தை மூடிவிடுவார்கள். ஹேய்ஸை ஒரு காவலரால் துரத்திப் பிடிக்க முடியாது என்று தெரிந்தபின், ஆளைக் காப்பதற்குப் பதிலாக இடத்தைக் காக்கும் முறை அந்த ஆட்டத்தில் பரவலாயிற்று. அம்முறை அவருக்கு முன்பும் இருந்தது. அது பெருகியதற்கு அவருடைய வேகம் ஒரு முக்கியக் காரணம் என்று அந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காவல் வந்த பிறகு அவருடைய எண்களும் குறையத் தொடங்கின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில் உறைநிலைக்கு ஏறத்தாழ 25 பாகை கீழான குளிரில் இறுதி ஆட்டம் நடந்தது. பந்து தம்மிடம் வராது என்று திட்டமிடப்பட்ட முயற்சிகளில் ஹேய்ஸ் குளிருக்காகக் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். எதிரணிக் காவலர்கள் அதைக் கவனித்து, கை வெளியே இருந்தால் பந்து இவருக்கு, உள்ளே இருந்தால் இல்லை என்று கணித்துவிட்டார்கள். டல்லாஸ் 21-17 என்று தோற்றது. ஃபுளோரிடா வெயிலில் வளர்ந்த ஒருவருக்கு அந்தக் குளிர் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் இரக்கமே வருகிறது.

மறுமொழி: ரேஸ்கோர்ஸ் ஓட்டப் பயிற்சியாளர்

ஆசிரியர் ஐயாவுக்கும் சோழவந்தான் நண்பருக்கும் வணக்கம். நான் கல்லூரி நாட்களில் 200 மீட்டர் ஓடியவள். இப்போது பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கிறேன். ஹேய்ஸை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக, அவருக்கு அடுத்து வந்தவரையும் சொல்கிறேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடித் தங்கம் வென்ற ஜிம் ஹைன்ஸ், ஹேய்ஸைவிடக் குறைந்த நேரத்தில் ஓடியவர். அவரையும் ஃபுட்பாலுக்கு அழைத்தார்கள். மயாமி அணியில் 1969-இல் 10 ஆட்டங்களும் அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டியில் ஓர் ஆட்டமும் ஆடியதோடு முடிந்தது. கையில் வந்த பந்து நிற்கவில்லை. இருவருக்கும் வேகம் இருந்தது. ஒருவருக்குச் சிறுவயது முதல் பந்து பழகிய கை இருந்தது, மற்றவருக்கு இல்லை.

காலால் ஆடும் கால்பந்துக்கு உசைன் போல்ட்டைப் பாருங்கள். 2018-இல், 32 வயதில், ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோல்களும் போட்டார். ஆயினும் ஒப்பந்தம் முடிவாகாமல் நவம்பரில் விலகினார். 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய கால்கள் அவை.

இதற்குக் காரணம் உண்டு. கால்பந்தில் ஒருவர் முழு வேகத்தில் ஓடும் தூரம் பெரும்பாலும் 10 மீட்டர், 20 மீட்டர். அதற்குள் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பந்தையும் பக்கத்து ஆளையும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் முழு வேகத்தை எட்டுவதோ 40, 50 மீட்டருக்குப் பிறகு. நின்று திரும்பும்போது தொடையின் பின்தசைமேல் விழும் இழுவிசை நேர்கோட்டு ஓட்டத்தில் பழகியவருக்குப் புதியது. கால்பந்தில் மிக அதிகமாகக் காயப்படுவதும் அந்தத் தசைதான். என் இரண்டாம் ஆண்டில், ஆள் குறைகிறது என்று என்னைக் கோகோ அணியில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் பின்தசை கிழிந்தது. அதன்பின் 200 மீட்டரில் என் பழைய நேரத்தை நான் ஒருமுறைகூட எட்டவில்லை. இதை இதுவரை பொதுவில் எழுதியதில்லை; உங்கள் மாணவனுக்காக எழுதுகிறேன்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது. சக்கிமங்கலத்தில் பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்த ரேவதி வீரமணி, வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, லேடி டோக் கல்லூரியில் படித்து, தென்னக ரயில்வேயில் வேலையும் பெற்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 ரிலேயில் ஓடினார். ஹேய்ஸ் ஓடிய பழைய அரங்கை இடித்துவிட்டு அதே இடத்தில் எழுப்பிய அரங்கு அது. ரேவதியும் முதலில் 100, 200 மீட்டர்தான் ஓடினார். தேசியப் பயிற்சி முகாமுக்குப் போன பிறகே 400 மீட்டருக்கு மாறினார். ஐயா, பையனுக்கு 11.1 என்பது கையால் எடுத்த நேரமா, மின்னணுக் கருவியில் எடுத்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. கையால் எடுத்தது என்றால் 0.24 விநாடி கூட்டிக் கணக்கிடுங்கள். பிறகு அவனை ஒருநாள் 300 மீட்டர் ஓடவிட்டுப் பாருங்கள். கடைசி 80 மீட்டரில் அவன் நடை குலையாமல் இருந்தால், பந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் 400 மீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

மறுமொழி: கோரிப்பாளையம் கால்பந்து ரசிகர்

பயிற்சியாளர் அம்மா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஓட்டத்தில் சாதனை படைத்துவிட்டுக் காலால் ஆடும் ஆட்டத்திலேயே தொழில்முறை வீரராக வாழ்ந்த ஒருவர் இருந்திருக்கிறார். அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஆர்தர் வார்ட்டன், இன்றைய கானாவின் அக்ரா நகரில் 1865-இல் பிறந்து, மெதடிஸ்ட் சபையில் சமயப் பணிக்குப் படிக்க இங்கிலாந்துக்குச் சென்றவர். 1886 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜத்தைச் சரியாக 10 விநாடியில் ஓடி வென்றார். மறு ஆண்டும் அதே பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அதே காலத்தில் டார்லிங்டன், பிரஸ்டன் நார்த் எண்ட் ஆகிய அணிகளுக்குக் கோல்காப்பாளராக நின்றார். நாட்டின் மிக வேகமான மனிதர், ஓடவே தேவையில்லாத இடத்தில் நின்றார் என்பது முதலில் விநோதமாகத் தோன்றும். ஆனால் அன்றைய விதிகளின்படி பந்து வருவதற்கு முன்பே கோல்காப்பாளர்மேல் மோதித் தள்ளலாம். கம்பத்தின் ஓரம் பதுங்கியிருந்து சட்டென்று பாய்ந்து பந்தைக் குத்தி வெளியேற்றும் அவருடைய முறைக்கு அந்த வேகம் உதவியது.

1888-இல் பணத்துக்கு ஓடும் தொழில்முறை ஓட்டத்தில் முழுமூச்சாக இறங்குவதற்காகப் பிரஸ்டனை விட்டார். அடுத்த பருவத்திலேயே பிரஸ்டன் அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது, அந்தப் புகழில் அவருக்குப் பங்கு இல்லாமல் போயிற்று. 1889-இல் ராதர்ஹாம் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஷெஃபீல்டு யுனைடெட் உட்பட அணி அணியாக மாறி, 1902 வரை ஆடினார். உலகின் முதல் கறுப்பின தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930-இல் வறுமையில் இறந்தார். பெயர்க்கல் இல்லாமல் கிடந்த அவர் கல்லறைக்கு 1997-இல்தான் கல் வைத்தார்கள். 2014-இல் சிலை எழுந்தது.

ஹேய்ஸின் பிற்கால வாழ்க்கையையும் நண்பர் எழுதாமல் விட்டுவிட்டார். ஆட்டம் முடிந்தபின் அவர் போதைப்பொருள் விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு 1979-இல் சிறைக்குப் போய்ப் பத்து மாதங்கள் இருந்தார். குடியோடும் நோயோடும் நெடுங்காலம் போராடி, 2002 செப்டம்பர் 18 அன்று, 59 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். டல்லாஸ் அணி தன் சிறந்த பழைய வீரர்களைப் போற்றும் மதிப்பு வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் 2009-இல்தான் இடம் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் தாமதம். அதை அவர் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நான் இன்றும் வருந்துகிறேன். இந்த இருவர் கதையையும் அந்தத் தாயாரிடம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பையனை அழைக்கும் பயிற்சியாளரிடம், படிப்புச் செலவு யாருடையது, காயம்பட்டால் மருத்துவம் யார் பொறுப்பு, பிளஸ் டூ தேர்வுக்கு எத்தனை நாள் விடுவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மறுமொழி: மேலூர் உடற்கல்வி ஆசிரியர்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய மூவருக்கும் நன்றி. பயிற்சியாளர் அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: அது கையால் எடுத்த நேரம்தான். ஆகவே 11.3-க்கு மேல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் சொந்தக் காயத்தை எங்கள் பையனுக்காக எழுதியது என் மனத்தில் நிற்கிறது.

உங்கள் பதில்களைப் படித்தபின் நான் பையனிடம் இதுவரை கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்டேன்: "நீ பந்து விளையாடியிருக்கிறாயா?" கண்மாய்க்குள் கபடியும் கில்லியும் ஆடியிருக்கிறான், கால்பந்தை உதைத்தது மிகக் குறைவு. ஹேய்ஸிடம் இருந்தது இவனிடம் இல்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. நேற்றுக் காலையில் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு 300 மீட்டர் ஓடவைத்தேன். 39 விநாடியில் முடித்தான். கடைசி வளைவில் தோள் சற்று இறுகியது, ஆனால் கால் வீச்சு குறையவில்லை.

கால்பந்துப் பயிற்சியாளரிடம் நன்றி சொல்லி, பிளஸ் டூ முடியும் வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், வருத்தப்படவில்லை. தாயாரிடம் ரேவதியைப் பற்றிச் சொன்னேன். சக்கிமங்கலம் அவருக்குத் தெரிந்த ஊர். அங்கே உறவினர் இருக்கிறார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்துவர எண்ணியிருக்கிறேன். அம்மா அவர்கள் காலை ஆறு மணிக்கு அங்கே இருப்பீர்கள் என்றால், அவன் 400 மீட்டர் ஓடுவதை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அவனுக்கு இன்னும் சொந்தமாக ஸ்பைக் காலணி இல்லை. என்னுடைய பழைய ஜோடியைத் தைத்து வைத்திருக்கிறேன்.